கலர் கம்மி

நான் வேலை பார்க்கும் பேனர் கடையின் கம்ப்யூட்டரில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்குப் பெயர் கிடையாது. எந்த நாட்டிலோ யாரோ எடுத்த படம், இணையத்தின் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்துவிட்டது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று பல் தெரியச் சிரிக்கிறாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனைப்பிரிவு விளம்பரத்தில் கையில் சாவியோடு நின்றிருந்தாள். அடுத்த வாரம் தோல் மருத்துவமனைக்குக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். மிளகாய்த்தூளுக்குக் கரண்டி பிடித்தாள். ஆங்கிலப் பள்ளிக்கு அம்மாவானாள். ஜவுளிக்கடைக்கு மட்டும் அவள் கழுத்துக்குக் கீழே வேறொருத்தியின் பட்டுப்புடவையை ஒட்டுவோம். அவளுக்கு முதன்முதலில் பொட்டு வைத்தது நான்தான். மல்லிகைச் சரமும் நான் வைத்ததே.

கடைக்குள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி. மெஷின் சூடாகாமல் இருக்க ஏசி போட்டிருப்பார்கள். அந்தக் குளிரில் நானும் இருந்துகொள்ள வேண்டியதுதான். வெளியே வாடிக்கையாளர்களோடு முதலாளி பேசுவார். அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் ஒரு சீட்டில் எழுதி உள்ளே நீட்டுவார். நான் படத்தை அமைத்துக் கொடுப்பேன். சில நாட்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் யாரோடும் பேசாமல் இருந்ததை, அறைக்குத் திரும்பும் வழியில் வாழைப்பழம் வாங்க வாயைத் திறக்கும்போதுதான் உணர்வேன். குரல் கட்டிப்போயிருக்கும்.

அறை, ஒரு வீட்டின் மாடியில். ஜன்னலைத் திறந்தால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். அதன் அடிவாரத்தில்தான் கச்சிராயபாளையம், அதற்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனாலும் போவதில்லை. ஊரில் நான் ‘கம்ப்யூட்டர்ல கீற பொண்ணு.’ என் வயதுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு வந்து எட்ட நின்று பார்ப்பார்கள். ‘ஆபீஸ்காரி வந்துகீறா’ என்று சிரிப்பார்கள். என் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனது நான் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் கரும்புத் தோட்டங்களில் கூலிவேலை. நான் கல்லூரியில் என்ன படிக்கிறேன் என்று கேட்கக்கூட வீட்டில் யாருக்கும் வார்த்தை தெரியாது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. அதைவிடப் பெருமையும் உண்டு. யாரும் கை பிடித்து எழுத வைக்காமல் நானாக எழுதியது என் கையெழுத்து.

பேனர் கடையில் உட்கார்ந்தால் ஓர் ஊர் தன் மனிதர்களை எப்படிப் பார்க்கிறது என்பது தெரிந்துவிடும். ஆண்களின் முகத்துக்குக் காரணமே வேண்டாம். பிறந்தநாள், வரவேற்பு, நன்றி, நண்பனின் தங்கை கல்யாணத்துக்கு வாழ்த்து, சும்மா கூலிங்கிளாஸ் வாங்கியது. பெண்களின் முகம் எங்கள் கடைக்கு மூன்று காரியங்களுக்குத்தான் வரும். வயசுக்கு வந்தால், கல்யாணம் ஆனால், செத்துப்போனால். இந்த மூன்றுக்கும் இடையில் ஒரு பெண் பெரிய எழுத்தில் சொல்லும்படி எதையும் செய்ததாக யாரும் எங்களிடம் சொன்னதில்லை. மற்றபடி சுவர் நிறைய, ரோடு நிறைய நிற்கிற பெண்ணெல்லாம் அந்த இணையத்துக்காரிதான்.

மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பெண்ணின் போட்டோவோடு வரும் தாய்மாமன்கள் எல்லோரும் தவறாமல் ஒன்று சொல்வார்கள்.

“பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி. நீங்க பாத்து ஏத்திடுங்க.”

நான் ஏற்றுவேன். அந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது முகங்கள் என் கை பட்டு வெளுத்துக்கொண்டே போகும். மூக்கின் நிழல் மறையும், நெற்றித் தழும்பு மறையும். எல்லோரும் ஒருவருக்கொருவர் அக்கா தங்கை போலவும், பிறகு அந்த இணையத்துக்காரிக்கு உறவு போலவும் ஆகிவிடுவார்கள். கல்யாணத்துக்கும் இதே கதைதான். கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் யாரும் கலர் ஏற்றச் சொன்னதில்லை. ஆதார் அட்டையிலோ ரேஷன் கார்டிலோ இருந்த சிரிக்காத முகத்தைக் கொண்டுவந்து, “அப்படியே போடுங்க, ஆளு அடையாளம் தெரியணும்” என்பார்கள். ஒரு பெண் இருந்தபடியே பேனரில் வர வேண்டுமானால் அவள் செத்திருக்க வேண்டும்.

கலர் கம்மி என்ற சொல் எனக்கு எத்தனை வயதில் பழக்கமானது என்று தெரியாது. என் பெயரைப் போலவே கூடவே இருந்தது. பக்கத்து வீட்டில் மாப்பிள்ளை பேச்சு வந்தால், “பொண்ணு படிச்சிகீது, ஆனா கலர் கம்மி” என்பார்கள். மெஷின் வேலை பழகிய பிறகுதான் அந்தச் சொல் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. எங்கள் மெஷினில் நீலம், ரோஸ், மஞ்சள், கருப்பு என்று நான்கு மைதான் உண்டு. வெள்ளை மை கிடையாது. பேனர் துணியே வெள்ளை. வெளுத்த முகம் வரவேண்டிய இடத்தில் மெஷின் பெரும்பாலும் மை விடாமல் சும்மா ஓடிவிடும். கறுத்த முகத்துக்குத்தான் நான்கு மையும் இறங்கும். இதை ஒருமுறை முதலாளியிடம் சொன்னேன்.

“அப்பிடிப் பாத்தா கலர் ஜாஸ்தி நாங்கதாண்ணா. அவதான் கம்மி.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இத மாப்ள வூட்டுக்காரங்க கிட்ட சொல்லு. மை செலவுக்குச் சேத்து நகை கேப்பாங்க” என்றார்.

கடைக்கு ஒரு மேடம் வந்தார். அரசு வேலைப் பரீட்சைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம் நடத்துபவர். கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாப்பில் பெரிய பேனர் வைக்க வேண்டும், வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும் மலைப் பெண்களும் பார்ப்பார்கள் என்றார். நான் வழக்கம்போல இணையத்துக்காரியின் கையில் புத்தகம் கொடுத்துக் காட்டினேன். மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“இவ எங்கியோ மொளகாத்தூள் வித்துகினு இருந்தாளே?”

“ஆமா மேடம்.”

“வேற மூஞ்சி இல்லியா? நம்மூரு பொண்ணு மாதிரி?”

நான் என்ன நினைத்து அதைச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. “நம்மூரு பொண்ணையே போடலாமே மேடம்” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மெல்லப் பார்த்தார். “நீ எந்த ஊரு?” என்றார். சொன்னேன். “என்ன படிச்சிருக்க?” சொன்னேன். “வீட்ல எல்லாரும் படிச்சவங்களா?” நான் ஒருத்திதான் என்றேன். “அப்ப நீயே நில்லு” என்றார்.

கடைச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்து முதலாளி தன் போனில் படம் எடுத்தார். “சிரி, சிரி” என்றார். சிரித்த படங்களில் நான் அந்த இணையத்துக்காரியைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டது போல இருந்தது. சிரிப்பு ஓய்ந்து, அடுத்த படம் எப்போது என்று கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றபோது எடுத்த படம் ஒன்று இருந்தது. “இதப் போடுங்க. பரீட்சை எழுதப் போறவ மூஞ்சி இதுதான்” என்றார் மேடம்.

அன்று சாயங்காலம் முதலாளி என் நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தைப் பெரிதாக்கினார். மவுஸை நகர்த்தினார். நான் வெளுக்க ஆரம்பித்தேன்.

“அண்ணா, வேணாம்.”

“ரெண்டு பாயிண்ட்தான். ரோட்டுல தூரத்துல இருந்து தெரியணும் இல்ல?”

“கறுப்பா இருந்தாலும் தெரியும்ணா.”

“உன் நல்லதுக்குச் சொல்றேன். நாலு பேரு பாக்கற எடம்.”

“நாலு பேரு என்னப் பாத்தாப் போதும்ணா. வேற யாரையும் பாக்க வேணாம்.”

அதுவரை நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் மேடத்துக்குப் போன் போட்டார். “பொண்ணு இஷ்டப்படி போடுங்க” என்று மேடம் சொன்னது எனக்கே கேட்டது. முதலாளி எழுந்துகொண்டார்.

மெஷினில் என் முகம் வந்ததை நின்று பார்த்தேன். முதலில் தலைமுடி, பிறகு நெற்றி, பட்டை பட்டையாக. மை வாசனை கண்ணைக் கரித்தது. கண் வரும்போது மெஷின் நின்றுவிட்டது. கருப்பு மை தீர்ந்துவிட்டது. “உன் ஒரு மூஞ்சிக்கே மை காலி” என்று முணுமுணுத்தபடி முதலாளி ஊற்றினார். சின்ன வயதில் விழுந்து உண்டான புருவத் தழும்புகூட உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. என் முகத்தை அதுவரை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் சந்தைக்கு வரும்போது தானாகவே பார்க்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி, நிமிர்ந்து, என் மகள் என்று பக்கத்தில் நிற்பவளிடம் காட்ட வேண்டும். அவளுக்குக் காட்டுவதற்காகத்தான் நான் அங்கே நிற்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மனை வாங்கவும் மிளகாய்த்தூள் வாங்கவும் யாரையும் கூப்பிடாமல், ஒரு படிப்புக்காக, என் நிறத்தோடு, எங்கள் ஊர்ச் சாலையில் பெரிதாக நிற்கிற பெண் நான். அம்மா அதைப் பார்த்துவிட்டால் போதும். பேனர் கட்டிவிட்டதாகச் செய்தி வந்த பிறகு மாடி அறையில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சாப்பிடும்போதும் வைத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. பார்த்திருப்பாள், பார்த்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் இருப்பாள் என்று நினைத்தேன். மலை மட்டும் ஜன்னலில் இருட்டாகிக்கொண்டு வந்தது.

மறுநாள் மத்தியானம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போன் பைக்குள் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஏதோ சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அம்மா நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் வரை கரும்புத் தோட்டத்துச் சேறு. தலையில் சும்மாடாகச் சுற்றிய துணி அவிழ்ந்து தோளில் தொங்கியது. பின்னால் சித்தி, அம்மாவின் தங்கை, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதபடி நின்றாள்.

அம்மா அழவில்லை. உள்ளே வந்து என் தோளைத் தொட்டாள். கையைத் தொட்டாள். பிறகு முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“உயிரோடதான கீற? போன எடுக்க இன்னாடி கேடு உனுக்கு?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். “இன்னா ஆச்சிம்மா? யாருக்கு இன்னா?” என்றார்.

“இவ செத்துட்டான்னு போட்டு வெச்சிகீறாங்க சார்” என்றாள் சித்தி. “கச்சிராயபாளையத்துல. நான் பஸ்ஸுல வந்துகினே பாத்தேன். என் கண்ணால பாத்தேன்.”

“அது விளம்பரம் சித்தி!”

“எனுக்கு இன்னாடி தெரியும் வெளம்பரம்? தன்னந்தனியா ஒரு பொம்பள மூஞ்சி. பூ இல்ல, சிரிப்பு இல்ல. கீழ வரிசையா அழுவுற ஜனம் மாதிரி சின்னச் சின்ன மூஞ்சி. வேற இன்னான்னு நெனைக்கறது?”

அந்தச் சின்ன முகங்கள், மேடத்திடம் படித்து வேலைக்குப் போனவர்களுடையவை. அவற்றைக் கீழே வரிசையாக வைத்தது நான்தான். கண்ணீர் அஞ்சலி பேனரில் துயரில் வாடுபவர்களின் படங்களை அந்த இடத்தில்தான் வைத்துப் பழக்கம். கை தானாகப் போயிருக்கிறது.

“வெளம்பரத்துல வர்றவளுங்க வெள்ளையா இருப்பாளுங்க இல்ல?” சித்தி மூக்கைச் சிந்தினாள். “இது அசல் நம்ம புள்ள மாதிரியே இருந்திச்சி. அதான் தோட்டத்துக்கு ஓடி உங்கம்மாவ இட்டுகினு வந்தேன்.”

முதலாளி என்னைப் பார்த்தார். சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொன்னது போலத்தான் இருந்தது. கடையில் பேனர் வாங்க வந்திருந்த ஒரு ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். அந்தச் சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் பங்கு வந்தது, சிரித்தேன். சித்தியும் அழுகையோடு சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“எனுக்கு அத காட்டு” என்றாள்.

மூன்று பேரும் பஸ் ஏறினோம். முகப்பில் ரோஸ் வண்ணம் அடித்த டவுன் பஸ். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள். சேறு காய்ந்து அவள் காலில் பொருக்காக உதிர்ந்தது. இரண்டு பக்கமும் கரும்பு. மலை கிட்ட வந்துகொண்டே இருந்தது.

பேனர் நான் நினைத்ததைவிட உயரத்தில் இருந்தது. அம்மா அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஸ்டாப்பில் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு பேனரைப் பார்த்தார்கள்.

“தா, அந்தப் பொண்ணுதான் இது. செத்துப்போச்சின்னாங்களே?”

“நேருல பரவால்ல. போட்டோக்காரன் கெடுத்துட்டான்.”

அம்மா எழுத்துகளைக் காட்டி, “இதுல இன்னா எழுதிகீது?” என்று கேட்டாள்.

“அரசு வேலை உங்கள் கையில்.”

“வேல வந்துடுச்சா உனுக்கு?”

“இல்லம்மா.”

“இவங்க கிட்டயா படிச்ச?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் உன் மூஞ்சி?”

நம்மூருப் பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள் என்று சொல்லலாம். அந்த மஞ்சள் நீராட்டுப் பெண்களைப் பற்றிச் சொல்லலாம், மெஷினில் வெள்ளை மை இல்லாததைச் சொல்லலாம். கல்லூரியில் நான் படித்த எதையும் அவளிடம் சொல்ல வார்த்தை கிடைக்காதது போல அன்றைக்கும் கிடைக்கவில்லை. “நீ பாப்பியேன்னுதாம்மா” என்றேன். ஒரு லாரி போன சத்தத்தில் அவளுக்கு அது கேட்டதா என்று தெரியாது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சித்தியோடு ஊர்ப் பக்கம் நடந்தாள். நான் எதிர்ப் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது என் முகம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது, வெறும் வெள்ளைத் துணி.

மேடம் கடைக்கு வந்தார். கோபம் ஏதும் இல்லை. “தப்பா எடுத்துக்காதம்மா. போன் பண்றவங்க எல்லாம் எப்ப சேரலாம்னு கேக்கல, எப்படிச் செத்துச்சின்னு கேக்கறாங்க” என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. இணையத்துக்காரியையே போட்டுவிடலாம் என்றார். நான்தான் போட்டேன். புத்தகம் கொடுத்தேன். பொட்டு வைத்தேன். அவளுக்கு மை செலவு அதிகமாகவில்லை.

பழைய பேனரை எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாரும் வீணாக்குவதில்லை. வைக்கோல் போருக்கு மூடுவார்கள், வேர்க்கடலை காயவைப்பார்கள், கூரைக்கு மேல் போடுவார்கள். அம்மா முதலாளிக்கே போன் போட்டு, அதைத் தனக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. என்னிடம் கேட்கவில்லை. சுருட்டிய பேனரைத் தலையில் வைத்து ஸ்டாப்பிலிருந்து ஊர் வரை நடந்திருக்கிறாள்.

அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். தெருவில் இரண்டு பேர், “இன்னாம்மா, செத்துப்போயி சாமி மாதிரி திரும்பி வந்துட்ட” என்று கிண்டல் செய்தார்கள். வீட்டில் யாரும் இல்லை, வேலைக்குப் போயிருந்தார்கள். பயணக் கசகசப்பு தீரக் குளிக்கலாம் என்று பின்பக்கம் போனேன். எங்களுக்குக் குளியலறை கிடையாது. நான்கு கட்டை நட்டுத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருக்கும். நான் பெரியவளான பிறகு அந்தத் தட்டியின் ஓட்டைகளை நினைத்து அவசரமாகவே குளித்துப் பழகியவள். தட்டியைக் காணோம். மூன்று பக்கமும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. பேனரின் பின்பக்கம். சாக்குத் திரையை விலக்கி உள்ளே போனேன்.

உள்ளே நான் இருந்தேன். நெற்றியிலிருந்து மோவாய் வரை, மண் தரையைத் தொட்டுக்கொண்டு. கீழே இருந்த சின்ன முகங்களின் வரிசையை அம்மா அரிவாளால் நேராக அறுத்து எடுத்திருந்தாள். எழுத்துகள் ஒரு பக்கம் மடிந்து போயிருந்தன. சோப்புப் பெட்டி, புருவத் தழும்பின் உயரத்தில் ஒரு ஆணியில் தொங்கியது.

எல்லோரும் படத்தை வெளிப்பக்கம் வைத்துத்தான் கட்டுவார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு கல்யாண ஜோடியே இன்னும் தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் அம்மா வந்து அந்த மறைப்புக்குள் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“ஏம்மா உள்பக்கமா கட்டன?”

நிமிர்ந்து பார்க்காமலே பாதத்தைத் தேய்த்தபடி சொன்னாள்.

“வெளிய கட்டுனா வெயில்ல வெளுத்துப்பூடுவ.”

பிறகு குடத்தில் மீதமிருந்த தண்ணீரைக் கையில் அள்ளிப் பேனர் துணியின் மேல் அடித்தாள். அங்கே சோப்பு நுரை காய்ந்து திட்டாக ஒட்டியிருந்தது. கன்னத்திலிருந்து அதை உள்ளங்கையால் துடைத்தாள்.